இணையப் பக்கத்தில் இடனறிதல்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சென்ற ஆண்டிலே எம் கல்லூரியின் இணையத்தளத்தைப் புதுக்கும் பணியில் மாணவர் சிலரோடும், கொழும்பிலே மென்பொருட்டுறையில் உத்தியோகம் வகிக்கும் பழைய மாணவர் ஒருவரோடும் கூடியிருந்து யாம் கற்றதொன்று எழுதாது விடத்தக்கதன்று எனத் தோன்றிற்று. தமிழாசிரியனுக்கு அவ்விடத்தில் என்ன வேலையென வினவுவாரும் உளர். தளத்தில் இடம்பெறும் தமிழைப் பிழையறப் பார்த்துக் கொடுப்பதே எமக்கு இட்ட வேலை. பிழை சொல்லிலே இருக்குமென்று எண்ணிச் சென்ற யாம், அது சொல்லிருந்த பெட்டியிலே இருக்கக் கண்டோம்.

நடந்ததை முதலிற் கூறிவிடுகின்றோம். வறிய மாணவருக்கு உதவும் நிதியொன்றின் அறிவித்தல் தளத்தில் இடப்பட்டிருந்தது. மடிக்கணினியிற் பார்த்தவிடத்துத் தலைப்பு, விபரம், விண்ணப்ப முடிவுத் திகதி யாவும் செவ்வையாய் இருந்தன. முடிவுத் திகதிக்கு மறுநாட் காலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் நிரப்பிய விண்ணப்பத்துடன் வந்து நின்றார். "அதிலை திகதி ஒண்டும் இல்லையே, சேர்" என்றார். யாம் எம் கணினியைத் திறந்து காட்டினோம். அங்கே திகதி இருந்தது. அவர் தம் சிறிய கையடக்கத் தொலைபேசியை நீட்டினார். அங்கே திகதி இல்லை. அகலங் குறைந்த திரையில் இடம் போதாதென்று கருதி, அந்த வரியை மறைத்துவிடுமாறு பக்கத்தை அமைத்தவர் கட்டளை எழுதியிருந்தார். நிதியோ வெளியாருடையது, நாளை நீட்டும் அதிகாரம் எம்மிடத்தில் இல்லை. அச்சிறுவன் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கட்டளை எழுதியவரை மட்டும் நோவது முறையன்று. அத்தமிழைப் பார்க்கும்படி எம்மிடந் தந்தபோது யாமும் பெரிய திரையிலேதான் பார்த்தோம். பயிற்சிக் கலாசாலையிலே எமக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று, கரும்பலகையில் எழுதியபின் கடைசி வாங்குக்குச் சென்று நின்று பார்க்க வேண்டும் என்பது. வகுப்பறையில் மறவாத அப்பாடத்தை ஈண்டு மறந்தோம்.

இனி, அக்கட்டளை எத்தகையது என்பதை விளக்குதும். இம்மலரை அச்சிடுவோர் தாளின் அளவை முதலில் வரையறுத்துக்கொள்வர். அதன்பின் வரியின் நீளம், ஓரத்து வெளி, படத்தின் அளவு யாவும் அதற்கியைய அமையும். அச்சாகிய பின் எவர் கையிற் சென்றாலும் பக்கம் மாறாது. ஏட்டுச்சுவடி எழுதியோருக்கும் ஓலையின் அகலமே எல்லை. இணையப் பக்கத்துக்கோ தாள் இல்லை. வாசிப்பவர் எத்திரையைக் கையில் வைத்திருக்கின்றாரோ அதுவே அப்போதைக்குத் தாள். ஆதலின் பக்கத்தை அமைப்பவர், 'இவ்வாறு வை' எனக் கூறுதல் போதாது; 'இன்ன நிலை இருப்பின் இவ்வாறு வை, அன்றேல் அவ்வாறு வை' எனக் கூறல் வேண்டும். தோற்றத்தை வரையறுக்கும் சீ.எஸ்.எஸ். என்னும் மொழியிலே இத்தகைய நிபந்தனைக் கட்டளைக்கு 'மீடியா குவெரி' என்று பெயர். யாம் அதனை ஊடக வினா என்போம்.

சீ.எஸ்.எஸ். மொழிக்கான முதல் முன்மொழிவை ஹோக்கன் வியூம் லீ என்னும் நோர்வே நாட்டவர், ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, 1994 ஒக்ரோபரில் வெளியிட்டார். திரையின் உயரத்தை வினவித் தோற்றத்தை மாற்றும் எண்ணம் அம்முன்மொழிவிலேயே இருந்தது. 1996 திசெம்பரில் மொழியின் முதற் பதிப்புப் பரிந்துரையாயிற்று. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு, திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, கையடக்கக் கருவிக்கு ஒன்று எனக் கருவியின் இனம் பற்றிக் கட்டளைகளைப் பிரிக்க இடந்தந்தது. இனம் பற்றிய அப்பிரிவு நெடுநாள் நிற்கவில்லை. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது, அது கையடக்கக் கருவி என்னும் பெயரை ஏலாது, திரையென்றே தன்னைக் கூறிக்கொண்டது. அன்றியும், பெரிய கணினிக்கென எழுதிய பக்கங்களையும் காட்டும்பொருட்டு, தன் அகலம் 980 பிக்சல் எனப் பாவனை செய்து, பக்கம் முழுவதையும் சுருக்கிக் காட்டிற்று. எழுத்து எறும்பூர்ந்தாற்போல இருக்கும். விரலால் விரித்து விரித்து வாசிக்க வேண்டும். அப்பாவனையை விலக்கிக் கருவியின் உண்மையான அகலத்தைக் கொள்ளுமாறு பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதவேண்டிய வழக்கம் அதனால் வந்ததே. அவ்வரி விடுபடின், ஊடக வினாக்கள் எத்துணை நுட்பமாய் எழுதப்பட்டிருப்பினும் சிறு திரைக்குப் பயன்படா.

ஈண்டுப் பிக்சல் என்பது கண்ணாடியில் ஒளிரும் புள்ளியன்று என்பதையும் சொல்லவேண்டும். 1080 புள்ளி அகலமுடைய தொலைபேசி, மூன்று புள்ளியை ஓர் அலகாகக் கொண்டு, 360 பிக்சல் என்றே பக்கத்துக்கு அறிவிக்கும். மாணவர் பலர் விளம்பரத்திற் கண்ட எண்ணைக் கொண்டு கணக்கிட்டு மயங்கினர். யாமும் மயங்கினோம்.

கருவியின் இனத்தை விடுத்து அதன் அளவை வினவும் முறையையும், அளவுக்கேற்ப விரிந்து சுருங்கும் பத்திகளையும், அவ்வாறே நெகிழும் படங்களையும் ஒருங்கே சேர்த்து, 2010 மே மாதத்தில் ஈதன் மார்க்கொற் என்னும் அமெரிக்கர் கட்டுரையொன்று எழுதினார். ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் இணங்க வேண்டும், தொலைபேசிக்கெனத் தனித்தளம் வேண்டா என்பது அவர் துணிபு. ஊடக வினாவின் இலக்கணம் 2012 யூனிலே பரிந்துரையாயிற்று. 600 பிக்சலுக்குக் குறையாத அகலம் இருப்பின் இரண்டு பத்தி, குறையின் ஒரு பத்தி என எழுதுவது அன்றுதொட்டு எங்கும் பரவிய வழக்கு.

எம் தளத்தை அமைத்தவரும் அம்முறையையே கைக்கொண்டார். 480 பிக்சலுக்குக் குறைந்த திரையிலே திகதியை மறை என்றது ஊடக வினாதான். வினா சரியானது, விடையாக வைத்த செயலே தவறு. இடம் குறைந்தால் வைக்கும் முறையை மாற்றலாம், பொருளைக் குறைத்தல் ஆகாது. சிறு திரை உடையவர் குறைவாக அறிய விரும்புகின்றார் என எவர் சொன்னது? எம் மாணவரின் பெற்றாருட் பெரும்பாலோரிடம் தொலைபேசியன்றி வேறு திரை இல்லை. அத்தாயார் சென்ற அன்று மாலையே மாணவர் அவ்வரியை நீக்கினர். திகதி தொலைபேசியில் தோன்றிற்று. வேலை முடிந்ததென மகிழ்ந்தோம்.

இரண்டு கிழமை கழிந்தபின் திகதி மீண்டும் மறைந்தது. இம்முறை பெரிய கணினியில்!

இதனை விளங்கிக்கொள்வதற்குத் தளம் இக்காலத்தில் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். முன்னாளிற் பக்கம் பக்கமாக எழுதினர். 2013இல் பேஸ்புக் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட ரியாக்ற், அதற்கு அடுத்த ஆண்டு வந்த வியூ முதலிய கருவிகள் பரவியபின், பக்கத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறையும் ஒருமுறை செய்து, வேண்டும் இடமெல்லாம் பதித்துக்கொள்ளும் முறை நிலைபெற்றது. தச்சன் கதவை ஒரிடத்திற் செய்து மற்றோரிடத்திற் பொருத்துவதனை இதற்கு ஒப்பிடலாம். கூறு என்பது தன் உள்ளடக்கத்தையும் தன் தோற்றத்தையும் தன்னுடனே கொண்டு செல்வது. எம் மாணவர் செய்தது 'அறிவித்தல் அட்டை' என்னும் கூறு. இடப்பக்கம் ஒரு படம். வலப்பக்கம் தலைப்பு, விபரம், திகதி. முதற் பக்கத்தின் நடுப்பத்தியில் அது அழகாய் இருந்தமையால், அதே அட்டையைப் பக்கவோரத்திலுள்ள ஒடுங்கிய பத்தியிலும் பதித்தனர்.

கணக்கை நோக்குக. திரையின் அகலம் 1280. ஆதலின் ஊடக வினா, 'அகலம் தாராளமாக உண்டு. படத்தையும் எழுத்தையும் அருகருகே வை' என்றது. ஆனால் அட்டை இருந்த பத்தியின் அகலம் 280 மட்டுமே. இருபுறத்து ஓரவெளி போக 256. அதிலே படத்துக்கு 140, இடைவெளிக்கு 16. எழுத்துக்கு எஞ்சியது 100 பிக்சல். 'விண்ணப்பங்களை' என்னும் ஒரு சொல்லே அதற்குள் அடங்கவில்லை. விபரம் வரிவரியாய் முறிந்து கீழே நீண்டது. அட்டையின் உயரத்தை மாணவர் முன்னரே வரையறுத்து, மிஞ்சுவதை வெட்டிவிடச் சொல்லியிருந்தமையால், அடியிலிருந்த திகதி வெட்டுண்டது. தொலைபேசியிலோ இடர் இல்லை. அங்கே அட்டைக்கு முழு அகலமும் கிடைத்தது. பெரிய திரை உடையவரே இம்முறை இழந்தார். நல்லூழாக, அது பரிசளிப்பு விழா பற்றிய அறிவித்தல். எவருக்கும் கேடு விளையவில்லை.

குற்றம் எங்கே? ஊடக வினா கேட்பது திரையின் அகலத்தை; அட்டைக்கு வேண்டியதோ தான் இருக்கும் பத்தியின் அகலம். வளவு எத்தனை பரப்பு என்று கேட்டுவிட்டு விறாந்தையிலே கட்டில் போட முனைவது போன்றதிது. எம் மாணவருக்கு இதனைப் புணர்ச்சி இலக்கணங் கொண்டு விளக்கினோம். 'மரம்' என்னும் சொல் 'கிளை' வரின் 'மரக்கிளை' என்றும், 'வேர்' வரின் 'மரவேர்' என்றும் ஆகின்றது. மகரம் கெடுவதும் வல்லினம் மிகுவதும் அடுத்து வரும் சொல்லை நோக்கியே. ஏடு பெரிதோ சிறிதோ என்பதை அச்சொல் நோக்குவதில்லை. கூறும் அவ்வாறே தன் அயலை அறிந்து உருக்கொள்ளல் வேண்டும். பழைய மாணவர் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆயினும் மறுக்கவில்லை.

கூறுகளால் தளம் கட்டுவோருக்கு ஊடக வினா வேறு வகையிலும் இடர் தந்ததுண்டு. ரியாக்ற் முதலியவற்றிலே தோற்றக் கட்டளையை உறுப்பின் மேலேயே நேராக எழுதிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு எழுதும் வரிக்குள் ஊடக வினா இடம்பெற இலக்கணம் இடந்தராது. ஆதலின் அவர்கள் ஜாவாஸ்கிரிப்ற் கொண்டு திரையின் அகலத்தை அளந்து, அதற்கேற்பக் கூறை மாற்றினர். பக்கத்தை முதலில் வழங்கிக் கணினியிலேயே ஆக்கி அனுப்பும் தளங்களில் அது மேலும் சங்கடமாயிற்று. வழங்கிக்குத் திரை ஏது? அது ஓர் அகலத்தை ஊகித்து அனுப்ப, வாசிப்பவர் கண்முன்னே பக்கம் ஒரு கணம் ஒருவாறும் மறுகணம் வேறொருவாறும் துள்ளும். தோற்றத்தைச் சீ.எஸ்.எஸ். கோப்பிலேயே வைத்தல் நன்று என்பது எம் கருத்து.

அங்ஙனமாயின், கூறு தான் இருக்கும் பெட்டியை வினவ வழி செய்யாதிருந்தது ஏன்? பல்லாண்டுகளாக அமைப்போர் அதனை வேண்டியே வந்தனர். தடையாய் நின்றது, தருக்கநூலார் அந்நியோந்நியாச்சிரயம் எனக் கூறும் குற்றம். பெட்டியின் அகலம் உள்ளிருக்கும் எழுத்தால் அமைகின்றது என்க. பெட்டி அகலமாயின் எழுத்தைச் சிறிதாக்கு எனக் கட்டளை உண்டு என்க. எழுத்துச் சிறிதானதும் பெட்டி சுருங்கும். சுருங்கியதும் கட்டளை பொருந்தாது போக, எழுத்துப் பெரிதாகும். பெட்டி மீண்டும் விரியும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இச்சுழலுக்கு முடிவில்லை. உலாவி எதனைத்தான் வரைவது?

தீர்வு, சுழலின் ஒரு கண்ணியை அறுப்பதாயிற்று. வினவப்படும் பெட்டியைக் கொள்கலம் என முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அறிவித்தபின், அதன் அகலம் உள்ளிருப்பவற்றால் அமையாது, வெளியிலிருந்தே வரும். உள்ளிருப்பவை அதனை வினவலாம். கொள்கலம் தன்னைத் தானே வினவல் ஆகாது. மிரியம் சூசன் முதலியோர் முயன்று வகுத்த இம்முறை கொள்கல வினா எனப்படும். குரோம் உலாவியில் 2022 ஓகஸ்ற்றிலும், சபாரியில் அதே ஆண்டு செப்ரெம்பரிலும், பயர்பொக்ஸில் 2023 பெப்ரவரியிலும் இது இடம்பெற்றது. இன்று தயக்கமின்றிக் கையாளலாம்.

இலக்கணம் எளிதெனினும் கைப்பழக்கம் எளிதன்று. எம் மாணவர் முதன்முறை அட்டையையே கொள்கலமாக அறிவித்தனர். அட்டையின் அகலம் அதுகாறும் உள்ளிருந்த எழுத்தாலேயே அமைந்திருந்தமையால், அவ்வறிவித்தலின் பின் அதற்கு அகலமென்பதே இல்லாது போயிற்று. அட்டை முழுவதும் திரையினின்று மறைந்தது! திகதியை மீட்கப் போய் அட்டையை இழந்தோம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேடியபின், அட்டையைச் சூழ வெற்றுப் பெட்டியொன்றை இட்டு, அதற்குப் பத்தியின் முழு அகலத்தையும் தந்து, அப்பெட்டியைக் கொள்கலமாக்கினர். பின்னர் எழுதிய கட்டளை இது: யாதொன்றும் கூறாதவிடத்துப் படம் மேலே, எழுத்துக் கீழே, கொள்கலத்தின் அகலம் 26 எம்முக்குக் குறையாதாயின் இரண்டும் அருகருகே. ஒடுக்கமான நிலையை இயல்பாகவும் அகன்ற நிலையைச் சிறப்பாகவும் கொண்டமையைக் கவனிக்க. உயர வரையறையையும் நீக்கினர்; தமிழ் நீண்டால் அட்டையும் நீளட்டும்.

'எம்' என்பது எமது என்னும் பொருளதன்று. அச்சுக்கூடத்தாரிடமிருந்து வந்த எழுத்தளவுப் பெயர் அது. எழுத்தின் பருமனையே அலகாகக் கொள்வதால், எழுத்துப் பெருத்தால் எல்லையும் பெருக்கும். ஊடக வினாவில் இதனைக் கையாளும்போது, வாசிப்பவர் தம் உலாவியிலே தெரிந்துகொண்ட இயல்பான எழுத்துப் பருமனே அளவாகும். கண்ணொளி குன்றியவர் எழுத்தைப் பெருப்பித்து வைத்திருப்பின், பெரிய திரையிலும் அவருக்கு ஒற்றைப் பத்தி கிடைக்கும். அது அவருக்கு நன்மையே. உலாவியின் உருப்பெருக்கத்தைக் கூட்டினும் இவ்வாறே. 1280 பிக்சல் திரையை 400 வீதமாகப் பெருப்பித்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 தான். அவ்வகலத்தில், பக்கவாட்டில் நகர்த்தாது வாசிக்க இயலவேண்டும் என 2018இல் வெளியான அணுகுதன்மை நெறிகள் விதிக்கின்றன. சிறு திரைக்கென எழுதும் கட்டளை இளைஞரின் தொலைபேசிக்கு மட்டுமே என எண்ணுவோர், இம்மலரை மூக்குக்கண்ணாடியோடு வாசிக்கும் பழைய மாணவரை மறந்தவராவர்.

ஊடக வினா இனி வேண்டா எனச் சொல்லுகின்றோமா? அன்று. பக்கம் முழுவதற்கும் எத்தனை பத்தி, பட்டியல் மேலேயா பக்கத்திலா என்பவை திரையை நோக்கித் தீர்மானிக்கத்தக்கன. அச்சிடும்போது படங்களையும் நிறங்களையும் குறைத்தல், இருண்ட பின்னணியை விரும்புவோருக்கு அதனைத் தருதல், அசைவு கண்டால் தலைசுற்றும் என்போருக்கு அசைவை நிறுத்துதல் ஆகியனவும் அதன் வேலையே. இவை வாசிப்பவரையும் கருவியையும் பற்றியவை. கூறு இருக்கும் இடத்தைப் பற்றியவை அல்ல. இரண்டு வினாவும் வேண்டாத இடங்களும் பல. இடமிருந்தால் அருகே நில், இல்லையேல் அடுத்த வரிக்குச் செல் என ஒரு கட்டளையே போதும் பெட்டி வரிசைக்கு, எல்லையைக் கணக்கிட்டு எழுதுவது வீண்.

தமிழெழுத்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். யாம் கண்ட மும்மொழித் தளங்களுட் பல, ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டபின் தமிழும் சிங்களமும் வார்க்கப்பட்டவை. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் பொத்தான் தமிழிலே 'விண்ணப்பிக்கவும்' என நீளும். எம் எழுத்துக்களும் அகன்றவை. விகுதியும் உருபும் சேரச் சொல் மேலும் நெடிதாகும். ஆங்கிலச் சொல்லைக் கொண்டு வகுத்த எல்லையிலே தமிழ் முறியும். இதனாற் சொல்லைக் குறுக்கித் தருமாறு எம்மைக் கேட்டதும் உண்டு. ஓரிரு இடத்தில் இணங்கினோம். 'முடிவுத் திகதி' என்பதை வெறுந் 'திகதி' எனக் குறுக்கச் சொன்னபோது இணங்கவில்லை. எத்திகதி என்பதன்றோ அங்கே பொருள்? அதன்பின் எம் மாணவர், ஒவ்வொரு கூறையும் செய்தவுடன் யாம் எழுதிக்கொடுத்த நெடுஞ்சொற்கள் சிலவற்றை முதலில் இட்டுப் பார்க்கின்றனர். அவை அடங்கினால் ஆங்கிலம் தானே அடங்கும்.

அட்டை இன்று எப்பத்தியில் இருந்தாலும் திகதி தெரிகின்றது. அட்டவணைகள் மட்டும் இன்னும் வசப்படவில்லை. எட்டு நிரலுடைய பரீட்சை நேரசூசியைத் தொலைபேசியில் எவ்வாறு காட்டுவது என்பதில் மாணவர் இரு கட்சியாய் நிற்கின்றனர். ஒவ்வொரு நிரையையும் தனித்தனி அட்டையாக்குக என்கின்றது ஒரு கட்சி. பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது போமென்கின்றது மற்றது. யாம் பின்னதன் பக்கம். தவணை விடுமுறையிலே இரண்டையும் செய்து, அத்தாயாரின் கையிலுள்ள தொலைபேசி போன்ற ஒன்றிலே பார்ப்பதாக இருக்கின்றோம்.